சுவருக்கு வந்த ஸ்ரீரங்கப்பட்டினம்

அன்புள்ள ரகு,

உன் கடிதமும் போட்டோவும் கிடைத்தன. புது வீட்டு ஹாலில் நீ மாட்டியிருக்கும் போர்ப் படம் எடுப்பாகத்தான் இருக்கிறது. "இது என்ன சண்டை என்று கடைக்காரருக்கே தெரியவில்லை, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாயே, சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிவிட்டு விசாரிக்கிற ஆள் நீதான்.

அது மைசூர்ப் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டினம், திப்பு சுல்தானின் தலைநகர். 1799 மே 4, கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கோட்டைக்குள் புகுந்து திப்பு உயிர்விட்ட நாள். வரைந்தவர் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர். அடுத்த வருஷமே லண்டன் லைசியம் அரங்கில் ஏறக்குறைய 120 அடி நீளத் திரையாக இதை வைத்தார்கள். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. போர்ட்டர் அந்தக் கோட்டையைக் கண்ணால் கண்டவர் இல்லை என்பதுதான் வேடிக்கை! திரை இன்று இல்லை. ஆனால் வெந்திராமினி என்ற இத்தாலியர் அதைத் தகட்டில் செதுக்கி அச்சுப் படங்களாக எடுத்தார். அந்த அச்சு ஒன்றின் நகலுக்கு நகல்தான் உன் ஹாலில் தொங்குகிறது.

கோட்டைச் சுவர் இடிபாட்டின் மேல் படையை நடத்திப் போன தளபதி டேவிட் பேர்ட். இந்த ஆளுக்கு அந்த ஊர் புதிதல்ல. 1780 செப்டம்பரில் நம் காஞ்சிபுரத்துப் பக்கம் புள்ளலூரில் திப்புவிடமும் அவர் அப்பா ஹைதர் அலியிடமும் கம்பெனிப் படை சிக்கிச் சின்னாபின்னமானதே, அப்போது பிடிபட்டு இதே ஸ்ரீரங்கப்பட்டினத்தில் 1784 வரை சிறையில் கிடந்தவர். கைதிகளைச் சங்கிலியில் இரண்டிரண்டு பேராகப் பிணைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அவருடைய தாயார், "என் பிள்ளையோடு பிணைக்கப்பட்டவன் பாவம்" என்றாராம். பெற்றவளுக்குத் தெரியாதா!

அந்தப் புள்ளலூர்ச் சண்டைக்கும் ஒரு படம் உண்டு, ரகு. ஸ்ரீரங்கப்பட்டினத்திலேயே, திப்புவின் தரியா தௌலத் மாளிகையில், மேற்குச் சுவர் நிறைய. கம்பெனிப் படையின் தலைவர் கர்னல் பெய்லி காயத்தோடு பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் செஞ்சட்டை போட்ட கம்பெனி வீரர்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. திப்புவோ பூவை முகர்ந்தபடி வருகிறார். போர்க்களத்தில் எவனாவது பூ முகர்வானா? அதுவும் ஜோடனைதான். போர்ட்டருக்கு லண்டன் கூட்டம், இந்த ஓவியருக்குச் சுல்தான். அவரவர் எஜமானுக்கு ஏற்றபடி வரைந்திருக்கிறார்கள். ஹெக்டர் மன்றோ என்ற கம்பெனித் தளபதி பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தும், பெய்லியைக் காப்பாற்ற நேரத்தில் போய்ச் சேரவில்லை. அப்புறம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அதை யாரும் படமாக மாட்டுவதாகக் காணோம். பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்தான். அவர்கள் பெயரை யாரும் சொல்லக் காணோம்.

எனக்கு உறுத்துவது இதுதான். வெள்ளைக்காரன் ஜெயித்த சண்டை தகட்டில் ஏறியது, நூற்றுக்கணக்கில் அச்சானது, புத்தகத்தில் போனது, இன்று கேன்வாஸ் பிரிண்டாக உன் வீடு வரை வந்துவிட்டது. அவன் தோற்ற சண்டையோ ஒரு மாளிகைச் சுவரோடு நின்றுவிட்டது. அந்தச் சுவரும் மங்கிப்போய், கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் மறுபடி வண்ணம் தீட்டப்பட்டது. அதே காட்சியைக் காகிதத்தில் முப்பது அடிக்கு மேல் நீளமாக வரைந்த ஓவியம் ஒன்று 2022இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 6,30,000 பவுண்டுக்குப் போயிற்று. நீயும் நானும் மாட்ட முடியுமா?

அப்துல் கலாம் நினைவுக்கு வருகிறார். இளம் வயதில் அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தீவு மையத்துக்குப் போனபோது வரவேற்புக் கூடத்தில் ஒரு போர்ச் சித்திரம் பார்த்தாராம். ராக்கெட் விடுகிற வீரர்கள் வெள்ளையர்களாக இல்லையே என்று கிட்டப் போனால், திப்புவின் படை! நம் ஊர் ஹால்களில் பார்த்திருக்க வேண்டியதை அவர் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார்.

அதற்காக உன் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. இருக்கட்டும். எதிர்ச் சுவர் காலியாகத்தானே இருக்கிறது? புள்ளலூர்ச் சித்திரத்தின் நல்ல பிரிண்ட் ஒன்று தேடு. சின்ன டிஜிட்டல் கோப்பைப் பெரிதாக்கிப் போட்டுக் கொடுத்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்துவிடும், வாங்குமுன் கிட்டத்தில் பார். கண்ணாடி போடாதே, எதிரே ஜன்னல் இருப்பதால் பெய்லிக்குப் பதில் உன் தலைதான் தெரியும். வெயில் நேரே விழுகிற சுவர் என்றால் திரை போட்டுவிடு, சிவப்புத்தான் முதலில் வெளுக்கும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு மைசூரில் வேலை கிடைத்திருக்கிறது, தை பிறந்ததும் சேர வேண்டும். கொண்டுபோய் விடும்போது நீயும் வாயேன், ஸ்ரீரங்கப்பட்டினம் அங்கிருந்து பக்கம்தான். தேதி எழுது, டிக்கெட்டை நானே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
மணி