ஞாயிறு ஓட்டம்: கடைசி நேரக் குழப்பம் வேண்டாம்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நம்ம திருகோணமலை 21.1 கி.மீ. ஓட்டத்துக்கு இன்னும் மூன்று நாள்தான். இனிக் கூடுதலாக ஓடி ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் சப்பாத்து. புதுசை அன்றைக்குத்தான் போடுவேன் என்று யாரும் நிற்காதீர்கள். போன வருடம் நான் அப்படி நின்றவன். உப்புவெளி தாண்டும்போதே பெருவிரல் நகம் குத்தத் தொடங்கி, முடிவில் காலுறை முழுக்க இரத்தம். நகத்தை நாளைக்கே வெட்டிவிடுங்கள்.

இரண்டு மணித்தியாலம் முன்னர் பாணும் ஜாமும், ஒரு கதலி வாழைப்பழமும் போதும். சொதி, சம்பல் எல்லாம் ஓடி முடித்த பிறகு.

தண்ணீரில்தான் பலருக்குப் பிழைக்கிறது. வறண்ட கச்சான் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். எவ்வளவு போகிறதென்றே தெரியாது. அதற்காகப் போத்தல் போத்தலாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடி, வாந்தி, மயக்கம் வரும். 2002 பொஸ்டன் மரதனில் இரத்தம் சோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், இடையில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல்) இரண்டு மிடறு. தலை சுற்றினால் நில்லுங்கள், அதில் வெட்கமில்லை.

தொடக்கத்தில் இளசுகளுக்குப் பின்னால் பறக்க வேண்டாம். முதல் 5 கி.மீ. கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகம், சரியா?

இன்னொன்று: பையைத் திறந்தபடி கடற்கரையில் வைக்காதீர்கள். உங்கள் வாழைப்பழத்தை இங்கே ஊருக்குள் திரியும் மான் தின்றால் குழு பொறுப்பல்ல.