வகுக்காமலே கண்டுபிடித்த பகா எண்

அன்புள்ள பாப்பா,

அவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண் என்று யார் வகுத்துப் பார்த்தார்கள் என்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில் தாளில் எழுதினால்தான் விளங்கும்.

எண் இதுதான்: 170141183460469231731687303715884105727. 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. வகுத்துப் பார்ப்பதென்றால் வர்க்கமூலம் வரை போக வேண்டும். வர்க்கமூலமே 20 இலக்கம்! நொடிக்கு ஒரு எண்ணால் வகுத்தாலும் 40,000 கோடி ஆண்டு ஆகும். ஆனால் 1876-இல் பிரான்சின் கணித அறிஞர் எதுவார் லூக்கா இதைக் கையால் கணக்குப் போட்டே நிறுவினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது.

அவர் வழியை 1930-இல் அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் இன்னும் எளிதாக்கினார். 31-ஐ எடுத்துக்கொள். ஐந்து இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு. 4-இல் தொடங்கு. வர்க்கம் எடு, 2 கழி, 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். முதலில் 14. அப்புறம் 196-இல் 2 போக 194, மீதி 8. அடுத்து 64-இல் 2 போக 62, மீதி பூஜ்யம். பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 5 இரண்டுகளுக்கு மூன்று படி, 127 இரண்டுகளுக்கு 125 படி. 40,000 கோடி ஆண்டு எங்கே, 125 படி எங்கே!

இதில் எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது வேறொன்று. 67 இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைந்த எண் பகா எண் இல்லை என்றும் லூக்கா சொல்லிவிட்டார். அதை எது வகுக்கும் என்று அவருக்கே தெரியாது. 1903-இல்தான் அமெரிக்கக் கணித அறிஞர் ஃபிராங்க் கோல் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287.

நீ சின்ன வயதில் விளையாடிய மூன்று கம்பி, மரவட்டு விளையாட்டும் லூக்கா உருவாக்கியதுதான். ஐந்து வட்டை மாற்ற 31 நகர்த்தல் வேண்டும். 127 வட்டு இருந்தால், மேலே எழுதிய 39 இலக்கம் அப்படியே வரும்.

இன்னொன்றும் பார். 2 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3. மூன்று இரண்டுகளுக்கு 7. ஏழு இரண்டுகளுக்கு 127. 127 இரண்டுகளுக்கு நம் எண். எல்லாமே பகா எண்கள். அடுத்தது, அதாவது நம் எண் அளவுக்கு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, பகா எண்ணா? யாருக்கும் தெரியாது. அதில் எத்தனை இலக்கம் என்று எழுதவே 38 இலக்கம் வேண்டும். 2024-இல் கண்டுபிடித்த மிகப் பெரிய பகா எண்ணுக்கு மொத்தமே நாலு கோடிச் சொச்சம் இலக்கம்தான். அதனால் லூக்காவின் சோதனையை இங்கே போட்டுப் பார்க்கவே முடியாது. வகுக்கும் எண் ஏதாவது அகப்பட்டால்தான் உண்டு. அப்படி ஒன்று இருந்தால், அது நம் எண்ணின் ஏதோ ஒரு இரட்டை மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். தேடியவர்களுக்கு இதுவரை எதுவும் அகப்படவில்லை.

சரி, 2047-ஐ நீயே போட்டுப் பார். அது பதினொரு இரண்டுகளுக்கு உரியது, ஒன்பது படி. எனக்குக் கடைசியில் 1736 வந்தது. அப்படியானால் அது பகா எண் இல்லை, 23 × 89. நடுவில் வரும் மீதிகளை எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா