கர்ப்பிணியிடம் ‘இன்றே நிறுத்து’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதைப் பழக்கமுள்ள பெண் கர்ப்பமானால், “வயிற்றில் பிள்ளை இருக்கிறது, இன்றோடு விட்டுவிடு” என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். சிகரெட்டுக்கு அது சரி. ஹெராயினுக்கும், தினசரி குடிக்கும் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கும் சரியல்ல.

நாள்தோறும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும் வரலாம். ஆகவே நிறுத்துவது மருத்துவமனை வார்டில் நடக்கவேண்டும். அங்கே வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தையமின் என்ற வைட்டமினும் கொடுப்பார்கள்.

ஹெராயினுக்குப் பதிலாகத் தினமும் குடிக்க மெதடோன் என்ற மாற்று மருந்து உண்டு. 2005 முதல் நம் அரசாங்கக் கிளினிக்குகளில் கொடுக்கிறார்கள். பலர் தடுமாறுவது கடைசி மூன்று மாதங்களில்தான். ரத்த அளவு கூடி, உடம்பு மருந்தை வேகமாகக் கரைத்துவிடுவதால், அதே அளவு மாலை வரைகூடத் தாங்காது. மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது காலை மாலை என இரண்டாகப் பிரிப்பார். “பழக்கம் முற்றிவிட்டது” என்று மாமியார் பயப்படத் தேவையில்லை. பிள்ளைக்காக அளவைக் குறைத்தாலும் பலனில்லை. பிறந்தபின் பிள்ளைக்கு வரும் நடுக்கத்தின் கடுமை தாயின் மெதடோன் அளவைப் பொறுத்ததல்ல. அரைகுறை அளவில் தவிப்பவர்தான் மறுபடி ஹெராயினைத் தேடிப் போகிறார்.

சியாபு என்ற மெத்தம்பெட்டமின் போதைப்பொருளுக்கு இப்படி மாற்று மருந்து கிடையாது. ஆலோசனை, தூக்கம், சாப்பாடு, மனச்சோர்வுக்கான சிகிச்சை, இவ்வளவுதான்.

கர்ப்பிணிப் புத்தகம் போடும் முதல் நாளே தாதியிடம் பழக்கத்தைச் சொல்லிவிடுவது நல்லது. பிரசவ வார்டில் மெதடோன் அளவையும் அதைக் கடைசியாகக் குடித்த நேரத்தையும் சொல்லவேண்டும். நால்புஃபின், பென்டசோசின் போன்ற வலி ஊசிகள் மெதடோன் குடிப்பவர்களுக்குப் போடக்கூடாதவை. போட்டால் உடனே கடும் தவிப்பு வரும். தினசரி மெதடோன் பிரசவ வலியைத் தணிக்காது, அதற்குத் தனி மருந்து வேண்டும்.

பிள்ளைக்கு நடுக்கமும் கீச்சென்ற அழுகையும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தெரியும். மறுநாளே வீட்டுக்குக் கேட்காதீர்கள். நான்கு முதல் ஏழு நாள் பார்க்கவேண்டும். மெதடோனில் நிலையாக இருக்கும் தாய் தாய்ப்பால் கொடுக்கலாம், எச்.ஐ.வி. இருந்தாலோ மறுபடி போதை எடுத்தாலோ கொடுக்கக்கூடாது.

அடுத்த சிக்கல் பிரசவத்துக்குப் பின் வரும் பத்தியக் காலம். வாசல் தாண்டக்கூடாது என்று பெண்ணை வீட்டில் வைத்துவிட்டால் தினசரி மருந்து தவறும். மூன்று நாள் தவறியபின் பழைய அளவை அப்படியே குடிப்பது மூச்சையே நிறுத்திவிடக்கூடும்; மருத்துவர் புதிதாகக் கணிக்கவேண்டும். தவறிய நாட்களில் ஹெராயினுக்குத் திரும்புபவருக்கும் இதே ஆபத்து. (உடம்புச் சூட்டுக்கென்று கொடுக்கும் அந்த ஒரு மடக்கு பிராந்தியும் மெதடோனோடு சேரக்கூடாது.) பிள்ளை பிறந்தபின் அதே மெதடோன் அளவு தூக்கக் கலக்கம் தரலாம், அதற்கும் கிளினிக்கில்தான் படிப்படியாகக் குறைப்பார்கள். யார் அழைத்துப் போவது, வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்புவார்களா என்பதை எட்டாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள்.

பேறுகாலத் தாதியர் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு