நூலில் தொடங்கிய லைன்

மாட்டுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகையா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கண் அறுவைக்குப் பிறகு உன் கையெழுத்து தெளிந்திருப்பது உறையின் மேல் முகவரியைப் பார்த்ததுமே தெரிந்தது, மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

அகராதியில் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பக்கம் நிறையப் பொருள் இருப்பதைக் கண்டு, இதில் எதை மனப்பாடம் செய்வது என்று உன் பேத்தி கேட்டதாகவும், 33 ஆண்டுகள் லைன்மேனாக இருந்த உனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். மனப்பாடமே வேண்டாம் என்று அவளிடம் சொல். அந்தச் சொல் ஒரு நூல். அதன் முனையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வந்துவிடும்.

லத்தீன் மொழியில் 'லீனும்' என்றால் ஆளிச் செடி. இப்போது மளிகைக் கடைகளில் ஆளி விதை விற்கிறார்களே, அந்தச் செடிதான். அதன் நாரில் திரித்த நூலுக்கு 'லீனியா' என்று பெயர்; அதிலிருந்து வந்ததுதான் லைன். அந்த நாரில் நெய்த துணி லினன். அந்தத் துணியை உடுப்பின் உட்புறம் வைத்துத் தைத்ததால், இன்று எந்தத் துணியை வைத்துத் தைத்தாலும் தையல்காரர் அதை லைனிங் என்கிறார். நூலை இழுத்துப் பிடித்தால் கோடு; கோட்டின் மேல் எழுத்தை வைத்தால் வரி; ஆட்களை நிறுத்தினால் வரிசை; கம்பியை இழுத்தால் நீ ஏறி இறங்கிய மின்பாதை.

சென்ற மாதம் எங்கள் கட்டடத்தின் சுற்றுச்சுவரை இடித்துக் கட்டினார்கள். கொத்தனார் இரு முனைகளிலும் ஆணி அடித்து, பச்சை நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்து, தொய்வில்லை என்று உறுதியான பிறகுதான் முதல் கல்லை வைத்தார். அந்தக் கயிற்றை உதவியாளரிடம் 'லைன் டோரி' என்று சொல்லித்தான் கேட்டு வாங்கினார். டோரி என்றால் இந்தியில் கயிறு. லத்தீன் மொழியில் பிறந்த பழம்பொருள் தேய்ந்துபோகாமல் அந்தக் கொத்தனாரின் கையில் இருப்பதைக் கண்டு, வெயிலையும் மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். நம் ஊர்க் கொத்தனார் இதையே 'நூல் பிடிப்பது' என்பார். பஞ்சில் திரிப்பதும் நூல், சுவருக்குப் பிடிப்பதும் நூல், படிப்பதும் நூல். மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் தீர்ப்பதுபோல மாந்தரின் மனக்கோணலைக் கற்கும் நூல் தீர்க்கும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொன்னதை, நம் தமிழாசிரியர் மேசையைத் தட்டித் தட்டிப் பாடம் நடத்தியது உனக்கு நினைவிருக்கும். ஆங்கிலச் சொல் நடந்த வழியிலேயே நம் சொல்லும் நடந்திருக்கிறது என்பதை உன் பேத்திக்குக் கட்டாயம் சொல்.

இந்த ஊரில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், வீடு எங்கே என்று கேட்பதற்கு முன் எந்த லைன் என்றுதான் கேட்பார்கள். வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர் என்று ஊரே ரயில் தடங்களால் பிரிந்து கிடக்கிறது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் பயணிகள் ரயிலின் தடம்தான் எங்கள் சென்ட்ரல் லைன். ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்பதற்கும் 'எந்த லைன்' என்றே கேட்பதால், கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பெண்ணின் பின்னால் சுற்றுவதை நம் பிள்ளைகள் 'லைன் அடிப்பது' என்கிறார்கள். இங்கே இந்தியில் அது 'லைன் மார்னா'.

மரைன் லைன்ஸ் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பெயரில் உள்ள லைன் தண்டவாளம் அல்ல, வெள்ளையர் காலத்துக் கடற்படைப் பட்டாளத்தின் வரிசைக் குடியிருப்பு. நம் ஊர் போலீஸ் லைனும் அப்படிப்பட்டதே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் ஒற்றை அறைகளாக நீண்ட வீடுகளுக்கும் ஆங்கிலத் துரைமார் இந்தப் பெயரையே வைத்தார்கள். நம் மக்களின் வாயில் அது 'லயம்' ஆயிற்று. உன் அம்மா தாம் பிறந்த லயத்தைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதைகளைக் கேட்டபோது, அதை நான் தமிழ்ச் சொல் என்றே எண்ணியிருந்தேன். எத்தனை தலைமுறையின் உழைப்பு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அச்சகத்தில் பிழை திருத்திய நாள்களில் நான் அன்றாடம் சொன்ன 'டெட்லைன்' என்பதும் கொடிய இடத்திலிருந்து வந்ததுதான். 1864-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் வேலிக்கு உட்புறம் ஓர் எல்லை வகுத்து, அதைத் தாண்டிய கைதிகளைச் சுட்டார்கள். அந்த எல்லைக்கு இட்ட பெயர் பிற்காலத்தில் பத்திரிகைக் கெடுவுக்கு ஆகிவந்தது.

இன்னொரு பொருளை நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த நிலையத்திலிருந்து, பாதை காலி என்று சொல்லும் 'லைன் கிளியர்' வந்த பிறகே ரயிலை அனுப்புவார்கள். மின்பாதை வேலையில், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, இனிக் கை வைக்கலாம் என்று தரும் அனுமதிக்கும் அதே பெயர்தான், சுருக்கமாக எல்.சி., என்பதை உன்னிடம்தான் அறிந்தேன். ஐப்பசி மழையில் ஊர் இருண்டு கிடக்க, ஜனங்கள் சூழ்ந்து நின்று சத்தம் போட்டபோதும், எல்.சி. கிடைக்காமல் உன் ஆட்களில் ஒருவரையும் கம்பத்தில் கை வைக்கவிடாமல் நீ நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த இரவை அவளுக்கு விரிவாகச் சொல். அவள் தன் நோட்டில் எழுதினால் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று.

உன் அன்புள்ள,
வேலாயுதம்