ஆயிரம் பேர் நிற்கும் புல்வெளி

அன்புள்ள நண்பா,

முழங்கால் வலி தேவலையா? மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். சரி, விடு.

மகள் வீட்டுக்கு, பின்லாந்தில் உள்ள ஔலு நகரத்துக்கு, வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு சுவோமுஸ்ஸால்மி பக்கம் காரில் கூட்டிப்போனாள். வழியெல்லாம் காடு. திடீரென்று சாலையோரம் ஒரு வெட்டவெளி. அதில் ஆயிரம் பேர் போல நிற்கிறார்கள்! அத்தனையும் பொம்மை. நம் சோளக்கொல்லைப் பொம்மையேதான்: குறுக்குக் கட்டை, பழைய சட்டை. தலைக்கு மட்டும் சட்டி இல்லை, புல்வேரோடு பெயர்த்த மண்கட்டி. ஒருத்திக்கு மூக்கருகே செடி முளைத்திருந்தது.

ரெய்யோ கேலா என்ற நடனக் கலைஞர் தன் சொந்த ஊர்ப் பக்கம் 1994-இல் நிறுத்தியவை. 'மௌன சனம்' என்று பெயர். வருடத்துக்கு இரண்டு தடவை உடுப்பு மாற்றுகிறார்கள். என்ன அர்த்தம் என்று அவர் சொல்வதில்லையாம். 1939–40-இல் சோவியத் யூனியனோடு நடந்த குளிர்காலப் போரில் இங்கே செத்தவர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து நிற்பது போலிருந்தது. காற்றில் சட்டைக் கைகள் ஆடியபோது நானும் கையசைத்துவிட்டேன். மகளுக்கு வெட்கம்.

அங்கே பார்க்கக் காசில்லை. பார்ப்பதற்கே விலை வைத்தவர் ஒருவர் உண்டு என்று திரும்பும்போது சொன்னாள்: பவுலீனா ஃபெயோதரோஃப், சாமி இனத்தவர். (நம்ம சாமி இல்லை, வடகோடிப் பழங்குடி.) வெனிஸ் கலைக் கண்காட்சியில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றுக்கும் பொதுவான மண்டபம் 2022-இல் சாமி மண்டபமானது. அங்கே இவர் நிலத்தை விற்கவில்லை, நிலத்தைப் பார்க்கும் உரிமையை விற்றார். அந்தப் பணம் காடு வெட்டுப்படாமல் காக்க. பனி இறுகி, தரையைக் கிளற முடியாதபோது ரெயின்டியர் மான்களுக்குக் கிழட்டு மரங்களில் தாடி மாதிரி தொங்கும் கற்பாசி வகைதான் தீனி. மரம் போனால் மந்தை போச்சு, மேய்க்கிறவர் பிழைப்பும் போச்சு.

"இது கலையா, நிதி வசூலா?" என்று கேட்டேன். "ஏன், இரண்டுமாக இருக்கக் கூடாதா?" என்றாள். எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பைன் மரத்தை இலவசமாகப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று. கல்லூரியில் நீ வாங்கித் தந்த நீலச் சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த பொம்மைகளில் ஒன்றுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்
பழைய அறைத்தோழன்