மைதானத்து ஓரத்தில் ஓர் அப்பன்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத வெட்கமாகவும் இருந்தது. முப்பது வருடம் கழுத்தில் விசிலோடு திரிந்தவன் நீ; உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

சின்னவள் வாலிபாலில் பந்தை ஓங்கி அடிக்கிற நல்ல ஸ்மாஷர் என்று பெருமையடித்திருந்தேனே, குறுவட்டப் போட்டியில் பயிற்சியாளர் அவளை, அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டராக நிறுத்திவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டுக்கு வெளியே நின்று "நீயே அடி, நீயே அடி" என்று கத்தினேன். பிள்ளை பந்தைப் பார்ப்பாளா, அவரைப் பார்ப்பாளா, என்னைப் பார்ப்பாளா? இரண்டு பந்துகள் விரலில் பட்டு நழுவின. கடைசி செட் 13-15.

ஆட்டம் முடிந்த கையோடு அவரிடம் பாய்ந்தேன். வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "நாளை சாயங்காலம் வாருங்கள் சார், இப்போது இரண்டு பேருக்கும் சூடு" என்றார்.

மறுநாள் வீட்டுக்காரி தள்ளிவிட்டதால்தான் போனேன். "நம் பக்கம் வந்த பந்தை இரண்டாவதாகத் தொடுவது பெரும்பாலும் லிஃப்டர்தான் சார். யாருக்குத் தூக்குவது என்று யோசிக்கிற பிள்ளை இவள்தான். தோள்வலியும் இருக்கிறதே, ஸ்மாஷ் வேண்டாம் என்று பார்த்தேன்" என்றார். எந்தத் தோள்வலி? மூன்று வாரமாக வலிக்கிறதாம். வீட்டில் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் அவரிடம் "அப்பாவுக்குத் தெரியும்" என்றிருக்கிறாள். எங்களிடம் "சார் இடத்தை மாற்றிவிட்டார்" என்பதோடு சரி. சொன்னால் ஆட விடமாட்டோம் என்ற பயம்.

அவர் மீதும் எனக்குக் குறை உண்டு. ஒரு போன் செய்திருக்கலாம். முகத்துக்கு நேராகவே சொன்னேன். மறுக்காமல், நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன்கூடப் பள்ளியில் வாலிபால் ஆடியவர்தானே? உயரம் தாண்டப் பார் என்று திருப்பிவிட்டவர் உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். என்னைப் போல ஒருவன் அன்று குறுக்கே நின்று கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இரண்டு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார். உன் காலத்தில் இப்படி எத்தனை அப்பன்களைச் சமாளித்தாய், எழுது. அடுத்த ஆட்டத்துக்கு நான் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டுதான் வர வேண்டுமாம், சின்னவளின் உத்தரவு.

உன்,
ராமு