முத்து வெள்ளைக் காரின் பதினெட்டுப் படங்கள் தொடர்பான முறைப்பாடு

கரடிப்போக்கு,
கிளிநொச்சி.
சித்திரை (ஏப்ரல்) 28

முகாமையாளர்,
வாகன விளம்பரப் பிரிவு.

ஐயா,

விற்பனைப் படங்களை மீண்டும் எடுத்துத் தருமாறு அல்லது கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கோருதல்

சித்திரை 20ஆம் திகதி உங்கள் படப்பிடிப்பாளர் எமது டொயோட்டா அக்சியோ காரை 18 படங்கள் எடுத்தார். 12,500 ரூபா செலுத்திய பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் உள்ளது. படங்கள் விளம்பரத்தில் ஏறிய பிறகு தொலைபேசியில் விசாரித்த நான்கு பேரும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "கதவின்ரை அடிப்பக்கம் கறள் பிடிச்சிருக்கோ?" காரில் எங்கும் கறள் இல்லை. வவுனியாவிலிருந்து நேரில் வந்த ஒருவர், பின் இடது கதவிலுள்ள நெளிவைக் கண்டதும், "படத்திலை இது இல்லையே, மறைச்சுப் போட்டியள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நெளிவைத் தனிப் படமாக எடுத்துப் போடும்படி கேட்டவர்களே நாங்கள்தான்.

இல்லாத குறையைக் காட்டி, இருக்கிற குறையை மறைத்த படங்களுக்கு நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம். பெயின்ற், ரிங்கர் (நெளிந்த தகட்டை நிமிர்த்தும்) வேலைதான் எமது தொழில். தகட்டில் வெளிச்சம் எப்படி விழும், என்ன செய்யும் என்பது எமக்குத் தெரியும். ஆகவே எந்தப் படத்தில் எது, ஏன் பிழைத்தது என்று விபரமாகவே எழுதுகிறோம்.

முதல் ஆறு படங்களும் இரணைமடுவுக்குப் போகும் கிரவல் பாதையில் எடுக்கப்பட்டவை. கறள் கேள்வி இந்த ஆறு படங்களால்தான் வந்தது. காரின் பெயின்ற் குறியீடு 070. அடியில் வெள்ளைப் பூச்சு, அதன் மேல் முத்துப் பூச்சு, அதற்கும் மேல் கிளியர் எனும் நிறமற்ற பூச்சு என மூன்று படையாக அடிக்கப்படுவது. சுற்றியுள்ள நிறம் எதுவோ அதை இந்த வெள்ளை அப்படியே வாங்கிக்கொள்ளும். கதவின் நடுக்கோட்டுக்குக் கீழே தகடு உள்நோக்கி வளைந்து நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறது. நிலம் செம்மஞ்சள் கிரவல், மேலே உச்சி வெயில். வெயில் கிரவலில் பட்டுத் தெறித்து, கதவின் அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் செம்மஞ்சள் பட்டையாக ஏறியிருக்கிறது. சில்லு வளைவின் உள் விளிம்பில் அது இன்னும் கடுமை. இதைக் கணினியில் திருத்தலாம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். முழுப் படத்திலும் செம்மஞ்சளைக் குறைத்தால் போனட்டும் கூரையும் நீலமாகிவிடும், ஏனென்றால் அவை நிலத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கின்றன. ஒரே காரில் இரண்டு நிற வெளிச்சம் விழுந்தால், முழுப் படத்துக்கும் செய்யும் ஒரே திருத்தம் இரண்டையும் ஒன்றாகச் சரிப்படுத்தாது. வெள்ளைக் காரைத் தார் வீதியிலோ கொங்கிறீற் தரையிலோ நிறுத்த வேண்டும். சாம்பல் நிறத் தரை எந்த நிறத்தையும் மேலே ஏற்றாது.

அடுத்தது நேரம். முதற் படத்தின் கோப்பில் 12.22 என்று பதிவாகியிருக்கிறது. சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணி (ஓகஸ்ட்) கடைசியிலும் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் வரும். உச்சிக்கு வரும் நேரம் 12 மணி கடந்து ஏழெட்டு நிமிடம். வருடத்திலேயே கார்ப் படத்துக்கு மிகக் கூடாத நேரங்களில் ஒன்றையே உங்கள் ஆள் தெரிந்தெடுத்திருக்கிறார். கூரையும் போனட்டும் வெளுத்து விளிம்பு தெரியாமல் போயின. பக்கக் கதவுகள் மங்கின. சில்லுகள் கரும் பள்ளங்களாக நிற்கின்றன. முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை ஓடும் தோள்கோடுதான் இந்தக் காருக்கு உருவம் கொடுப்பது, ஒரு படத்திலும் அதைக் காணோம். போனட்டில் சூரியப் பொட்டைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்டக் கீறல்கள் வேறு. பஞ்சால் கழுவும்போது விழும் நுண்ணிய கீறல்கள் அவை. எந்தக் காரிலும் இருக்கும், கடும் வெயிலில் மட்டும் இப்படி எழும்பும். வாங்க வருபவருக்கு இது தெரியாது, பெயின்ற் பழுது என்றுதான் நினைப்பார்.

மதியம்தான் ஆள் வர முடியும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நெல் ஆலையின் பெரிய கொட்டகை வாசலில், கூரை விளிம்புக்கு இரண்டு மீற்றர் உள்ளே காரை நிறுத்தினால் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து மெதுவாக வரும். உள்ளே எரியும் ரியூப் லைற்றுகளை அணைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் பச்சை ஏறும். அவ்வளவுதான் செலவு.

7 முதல் 11 வரையான படங்கள் மருத மரத்தின் கீழ் எடுத்தவை. நிழல் தேடிப் போனது சரி, ஆனால் அது முழு நிழல் இல்லை. இலை இடுக்குகளால் விழுந்த வெயில் பொட்டுப் பொட்டாகக் கார் முழுவதும் கிடக்கிறது. இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும் பொட்டு வட்டமாகவே விழும், அது சூரியனின் உருவம். 8ஆம் படத்தில் போனட்டின் வலப்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கிளியர் உரிந்த கார்கள் எமது கராஜுக்கு எத்தனையோ வந்திருக்கின்றன, அச்சொட்டாக இதே தோற்றம்தான். மரத்தின் கீழ் எடுப்பதென்றால் முகில் மூடிய நாளில் எடுக்க வேண்டும்.

12, 13, 14ஆம் படங்கள் இரணைமடு அணைக்கட்டில். இடத் தெரிவு நல்லது. தண்ணீரும் வானமும் தவிர எதிரில் வேறொன்றும் இல்லாததால் கதவில் ஒரே சுத்தமான கோடு விழுந்திருக்கிறது. இந்தப் பதினெட்டிலும் பாராட்டக்கூடியது அது ஒன்றே. ஆனால் அணைக்கட்டின் மேல் பின்னுக்குப் போக இடமில்லாமல், காருக்கு இரண்டரை மூன்று மீற்றரில் நின்று போனின் அகல லென்ஸால் எடுத்திருக்கிறார். கிட்ட நின்றால் கிட்ட உள்ளது ஊதும், தூர உள்ளது சுருங்கும். முன் பம்பர் வீங்கி, பின் கதவு குழந்தையின் விளையாட்டுக் காரினதுபோல் குறுகி நிற்கிறது. கார் 4.4 மீற்றர் நீளம். 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் குறைந்தது ஏழு மீற்றர், 85 என்றால் பன்னிரண்டு மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். போன் என்றால் இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்து அதே ஏழு மீற்றர். கமரா, ஆளின் கண் உயரத்தில் இல்லாமல் காரின் முன் விளக்கு உயரத்தில் இருக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் கூரை பெரிதாகிச் சில்லுகள் சிறுக்கும்.

15ஆம் படத்தைத் தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். ஏ-9 வீதி ஓரத்தில், கடைகளுக்கு எதிரே. முன் வலக் கதவின் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே செம்மஞ்சள் சேட்டுப் போட்ட ஒருவர் முழங்கையை அகட்டியபடி நிற்கிறார். அவர் உங்கள் படப்பிடிப்பாளர். அவருக்குப் பின்னால் கடைப் பெயர்ப்பலகை இடம் வலமாக மாறித் தெரிகிறது. போனட்டில் மின்கம்பிகள் நான்கு, நெடுங்கீறல்போல ஓடுகின்றன. மெருகேற்றிய கார்த் தகடு ஒரு கண்ணாடி. படம் எடுக்கிறவர் காரைப் பார்ப்பதற்கு முன் திரும்பி நின்று, காருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கறுப்பு உடுப்பு, திறந்த வெளி, கம்பியில்லாத வானம் ஆகிய மூன்றும் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. லென்ஸில் போலரைசர் கண்ணாடி (தெறிக்கும் வெளிச்சத்தை வடிகட்டுவது) பூட்டினால் முன் கண்ணாடியிலுள்ள பிரதிபலிப்பைக் குறைக்கலாம். ஆனால் பக்கக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் சூடாக்கி உடனே குளிர்வித்துக் கடினமாக்கப்பட்டவை, போலரைசரின் கீழ் அவற்றில் வானவில் நிறத்தில் கட்டங்கள் எழும். சுழற்றிப் பார்த்து, எழாத இடத்தில் நிறுத்திப் பூட்ட வேண்டும்.

எமக்கு மிகவும் மன வருத்தம் தந்தது 16ஆம் படம். பின் இடது கதவின் நெளிவு சுமார் நான்கு சென்ரிமீற்றர் அகலம், பெயின்ற் உடையவில்லை. அதைக் காட்டத்தான் இந்தப் படத்தைக் கேட்டோம். வந்த படத்தில் கதவு புதுத் தகடுபோல் வழுவழுவென்று இருக்கிறது. கணினியில் அழித்திருக்கிறார்கள். சான்று படத்திலேயே உண்டு: கதவின் குறுக்கே போகும் அடிவானக் கோடு நெளிவு இருக்க வேண்டிய இடத்தில் அறுந்து, மயங்கி, அடுத்த பக்கத்தில் இரண்டு மில்லிமீற்றர் கீழிறங்கித் தொடங்குகிறது. ரிங்கர் வேலை செய்பவர் தகட்டின் மேல் ரியூப் லைற்றைப் பிடித்து, அதன் கோடு வளைகிறதா என்றுதான் நெளிவைத் தேடுவார். படத்துக்கும் அதே முறைதான். வெயில் சாயும் நேரத்தில் பக்கவாட்டில் நின்று, நேர்க்கோடு ஒன்று நெளிவின் மேல் விழும்படி எடுத்தால், அது எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம் என்று வாங்குபவர் வீட்டிலிருந்தே அறிவார். குறையை அறிந்து வருகிறவர் விலை பேசுவார், வந்த இடத்தில் காண்கிறவர் திரும்பிப் போவார். போனவர் நாலு பேரிடம் சொல்வார். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டார், எமது கராஜின் பெயரைத்தான் சொல்வார்.

உட்புறப் படங்கள் இரண்டிலும் கிலோமீற்றர் மானி வாசிக்க முடியாதபடி பிளாஷ் வெளிச்சம் தெறித்திருக்கிறது. பிளாஷ் வேண்டாம். திறப்பை ஓன் செய்து, மானிக்கு நேர் எதிரே கமராவைப் பிடித்தால் போதும்.

மீண்டும் எடுப்பதாயின் நாங்கள் கேட்பது இதுதான். இடம், உருத்திரபுரம் பக்கத்து வயல்வெளி ஓரத் தார் வீதி. காலபோக அறுவடை முடிந்து வயல் வெட்டையாகக் கிடக்கிறது, இரண்டு பக்கமும் திறந்த வெளி, பனைகள் தூரத்தில். பின்னணி காரிலிருந்து பத்து மீற்றருக்கு மேல் தள்ளி இருந்தால் அது மங்கிக் கார் எடுபடும். பூநகரி வீதியும் நல்லது, ஆனால் சங்குப்பிட்டிப் பாலத்தில் காரை நிறுத்தவே கூடாது. ஆனையிறவு உப்பளப் பக்கம் வேண்டாம். வெள்ளைத் தரை பம்பரின் அடிவரை வெளிச்சம் தரும் என்பது உண்மைதான், ஆனால் உப்புச் சேற்றில் சில்லு புதையும், ஒட்டிய உப்பு பிறகு தகட்டைத் தின்னும். நல்ல மூலை கிடைக்கும் என்று வீதியை விட்டுக் காட்டுக்குள் காரை இறக்கவும் வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை, சிவப்பு மண்டையோட்டுப் பலகை உள்ள இடங்கள் இருக்கின்றன. இதை உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

நேரம் மாலை 5.30 முதல் 6.40 வரை. இந்தக் காலத்தில் இங்கே சூரியன் 6.17 அளவில் மறைகிறது. வெயில் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் மஞ்சள் வெயில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் நில்லாது. காரைக் கழுவித் துடைத்து, இடத்தில் நிறுத்தி, 5.15க்கே ஆயத்தமாக இருக்க வேண்டும். 5.30க்கு எடுக்கும்போது வெயிலை முதுகுக்கு நேரே வைக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஆளின் நிழல் எட்டு மீற்றருக்கு மேல் நீளும், ஏழு மீற்றரில் நிற்பவரின் தலை நிழல் கதவில் விழும். வெயில் ஒரு தோள் பக்கமாக வரட்டும். நெளிவுப் படம் இந்த வெயிலில்.

முழுக் காரின் படங்கள் சூரியன் மறைந்த பிறகு, 6.20க்கும் 6.40க்கும் இடையில். மேற்கு வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காக நிற்கும், நிழலே இராது. காரின் ஒரு பக்கத்தை மேற்கே காட்டி நிறுத்தினால் தோள்கோடு தானாக எழும்பி வரும். வெளிச்சம் குறைவதால் முக்காலி கட்டாயம் வேண்டும். வெள்ளைக் காரைக் கமரா தன் பாட்டில் சாம்பலாக்கும், அதனால் வெளிச்ச அளவை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்ட வேண்டும். வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கமரா நிறத்தைச் சரிசெய்வதை) தானியங்கியில் விடாமல், சாம்பல் அட்டை ஒன்றைக் கதவருகே பிடித்து ஒரு முறை பூட்டிவிட வேண்டும். முன் சில்லைத் திருப்பும்போது கமராவுக்கு றிம் தெரியட்டும், ரயரின் தரையில் உருளும் பக்கம் தெரியக் கூடாது. இடிமுழக்க மழை இந்த மாதத்தில் பின்னேரங்களில்தான் வரும். மழை விட்ட ஈர வீதி நல்ல பின்னணி, காரின் மேல் நிற்கும் துளிகளை மட்டும் துடைத்துவிட வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் மேற்சொன்னபடி படங்களை எடுத்து, 16ஆம் படத்தை உடனே விளம்பரத்திலிருந்து அகற்றி, கதவில் நெளிவு உண்டு என்ற வரியைச் சேர்த்துத் தாருங்கள். முடியாதெனில் 12,500 ரூபாவையும் அதே காலத்துக்குள் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவோம். இரண்டு தரப்புக்கும் அது தேவையில்லாத அலைச்சல்.

பற்றுச்சீட்டின் பிரதி, 18 படங்களின் அச்சுப் பிரதிகள், 16ஆம் படத்தில் அழிக்கப்பட்ட இடத்தின் உருப்பெருக்கம், அதே கதவை நாங்கள் நேற்று மாலை எடுத்த படம் ஆகியவற்றை இணைத்துள்ளோம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
கார் உரிமையாளர்கள்